யாரோடு போட்டி?

எங்கள் கிளையின் கடன் திட்டத்துக்கு ஒரு முன்குறிப்பு தயாரிக்க வேண்டியிருந்தது. மேலாளர் அந்த வேலையை என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். நான் பி.ஏ. ஆங்கிலம் என்பதுதான் காரணம். பட்டத்தால் இதுவரை கண்ட பயன் இந்த ஒன்றுதான். மேல்சித்தாமூரும் சுற்றுக் கிராமங்களும் எங்கள் கிளையைச் சேர்ந்தவை. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே, மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. நெல், கரும்பு, உளுந்து என்று பயிர்வாரியாக எழுதிக்கொண்டு போனேன். மணிலாவுக்கு வந்ததும், உலகச் சந்தையில் போட்டித்திறன் அற்றது என்று பொருள்படும் ஒற்றை ஆங்கில அடைமொழியைப் போட்டு, இதற்குக் கடனைக் கூட்டத் தேவையில்லை என்று முடித்தேன். வாக்கியம் கச்சிதமாக வந்திருப்பதில் எனக்குள் ஒரு சிறு திருப்திகூட இருந்தது.

நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்து, டோக்கனோடு எதிரே உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். நயினார், மூன்று ஏக்கர் சம்சாரி. "எங்க ஊரப் பத்தியா சார் எழுதறீங்க?" என்றார். நான் அந்தச் சொல்லைத் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். "மல்லாட்டை இனிமே போட்டி போட முடியாத பயிர்னு எழுதியிருக்கேன்."

"யாரு கூட சார்?"

கேலி இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மலேசியாவோடு என்று சொல்வதா, செனகலோடு என்பதா, பக்கத்து குஜராத்தோடு என்பதா? ஆங்கிலத்தில் ஒரு அடைமொழி தன்னந்தனியாக நின்றுவிடும். யாரோடு, எதில், யார் வைத்த பந்தயத்தில் என்ற கேள்விகளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்ளும். தமிழில் 'போட்டி' என்றால் கேட்பவன் உடனே எதிராளியைத் தேடுகிறான். ஒரு மொழியில் முடிந்துபோன வாக்கியம் இன்னொரு மொழியில் பாதியில் நிற்கிறது. இக்கட்டுரை அந்தப் பாதி வாக்கியத்தைப் பற்றியது. கவிதைப் பத்திரிகையில் பொருளாதாரம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு: ஒரு சொல் எப்படி ஒரு தீர்ப்பாகிவிடுகிறது என்பது விமர்சனத்தின் விஷயமும்தான்.

2

நாடுகள் போட்டியிடுகின்றன என்பது இன்று எவரும் சந்தேகிக்காத வாக்கியம். மைக்கேல் போர்ட்டர் 1990-ல் நாடுகளின் போட்டி அனுகூலம் பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஜெனீவாவுக்குப் பக்கத்திலிருந்தும் லோசானிலிருந்தும் நாடுகளை வரிசைப்படுத்திப் பட்டியல்கள் வெளியிட்டார்கள். பள்ளிக்கூட ராங்க் அட்டை மாதிரி, முன்னேறினால் அமைச்சர் மேடையில் சொல்வார். இறங்கினால் எதிர்க்கட்சித் தலைவர் சொல்வார்.

ஆனால் இந்தச் சிந்தனையின் மூலவர்களில் ஒருவரான ரிக்கார்டோவிடம் போனால் காட்சி வேறு. 1817-ல் அவர் சொன்ன உதாரணம் பிரசித்தம். ஒரே அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 ஆட்களின் ஓராண்டு உழைப்பு, போர்த்துக்கல்லில் 90 ஆட்கள். ஒரே அளவு மதுவுக்கு இங்கிலாந்தில் 120, போர்த்துக்கல்லில் 80. இரண்டிலும் போர்த்துக்கல்லே கெட்டி. இருந்தும், அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் வைத்துக்கொண்டு பரிமாறிக்கொண்டால் இருவருக்கும் லாபம். அதாவது, எதிலும் முதலிடம் வராத தேசத்துக்கும் விற்க ஏதோ ஒன்று உண்டு. ரிக்கார்டோவின் உலகத்தில் தோற்று வெளியேறும் நாடு கிடையாது. தர்க்கம் அழகானது. ஆனால் மதுத் தொழிலிலிருந்த அந்த 120 ஆங்கிலேயர் துணித் தறிக்கு எப்போது போனார்கள், போகிற வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்பது கணக்கில் இல்லை. எண்கள் ஒரே ராத்திரியில் இடம் மாறுகின்றன. ஆட்கள் அப்படி மாறுவதில்லை.

பால் க்ரூக்மன் 1994-ல் ஒரு கட்டுரையில் போட்டித்திறன் என்பதை ஆபத்தான மோகம் என்றார். நாடு என்பது கம்பெனி அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். கம்பெனி நஷ்டப்பட்டால் மூடிவிடலாம். நாட்டுக்கு அந்த வசதி இல்லை. பெரிய நாடு ஒன்றில் மக்களின் வாழ்க்கைத்தரத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது உள்ளூர் உற்பத்தித் திறன்தான், அயலானோடு நடக்கும் ஓட்டப் பந்தயம் அல்ல என்பது இன்னொரு பகுதி. குமாஸ்தாவான எனக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமில்லை. எங்கள் கிளை லாபம் காட்டாவிட்டால் இன்னொரு கிளையோடு சேர்த்துவிடுவார்கள். நாற்காலிகளை லாரியில் ஏற்றுவார்கள். எனக்கு மாற்றல் உத்தரவு வரும். மேல்சித்தாமூரை எதோடு சேர்ப்பது? அதை எந்த லாரியில் ஏற்றுவது? மூட முடியாத ஒன்றை மூடக்கூடிய ஒன்றின் பாஷையில் பேசுகிறோம். தவறு அங்கே தொடங்குகிறது என்று படுகிறது.

3

மணிலாவின் சரித்திரமே இதற்குச் சாட்சி. தென்னமெரிக்காவில் பிறந்த செடி அது. எங்கள் பக்கம் அதன் பெயரிலேயே ஒரு கப்பல் வழி ஒட்டிக்கொண்டிருக்கிறது: மணிலாக்கொட்டை பேச்சில் மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது. நமது உலகச் சந்தை ஏதோ 1991-ல் திறந்த கதவு என்று எண்ணுகிறவர்கள் தென்னார்க்காட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பார்க்கவேண்டும்.

பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் எண்ணெய் ஆலைகளும் சோப்புத் தொழிலும் பெருகியபோது வித்து தேவைப்பட்டது. முதலில் செனகல் அனுப்பியது. பிறகு புதுச்சேரி. 1879-ல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்த பின், பிரிட்டிஷ் மண்ணில் விளைந்த தென்னார்க்காட்டு மணிலா, பிரெஞ்சுத் துறைமுகம் வழியாக மார்செய்க்குப் போனது. ஏற்றுமதிக் கம்பெனியின் முன்பணம் தரகர் கை வழியாக விதைப்புக்கு முன்பே குடியானவனைப் பிடித்துவிடும். அறுவடையில் கொட்டை அவரிடமே போய்ச் சேரும். இந்தப் போட்டியில் ஜெயித்த நாடு எது? விளைந்தது இங்கிலாந்தின் ஆட்சியில். ஏற்றுமதிக் கணக்கில் ஏறியது பிரெஞ்சு இந்தியாவில். எண்ணெயாகி லாபமானது மார்செயில். உழுதவன் இந்த மூன்று பெயர்களில் எதுவுமாக இல்லை. நாடு போட்டியிடுகிறது என்ற வாக்கியத்தில் எழுவாய் யார் என்று அன்றைக்கே தெரிந்திருக்கவில்லை.

1890-களில் இங்கே பயிர் சரிந்தது. ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் வித்து நலிந்துபோனது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மொரீஷியஸ் வழியாக வந்த புது விதைதான் மறுபடி தூக்கி நிறுத்தியது. 1930 வாக்கில் உலக மந்தத்தில் விலை விழுந்தபோது விதையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விலை வேறெங்கோ தீர்மானமாகியது. அந்தப் பத்தாண்டுகளில்தான் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. திண்டிவனத்தின் ஆங்கில எழுத்துகளையே முன்னொட்டாகக் கொண்டு டி.எம்.வி. ரகங்கள் வந்தன. டி.எம்.வி. 1, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சலூம் வகையிலிருந்து பொறுக்கியது. சலூம் என்பது செனகலின் கடலைச் சீமை. அதாவது மார்செய்ச் சந்தையில் நமக்கு எதிராளியாயிருந்தவனின் விதை, எங்கள் ஊர்ப் பெயரோடு எங்கள் மண்ணில் முளைத்தது. 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து எடுத்தது. தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் அதுதான் ஓடியது.

இதில் எந்த மாயமும் கிடையாது. வயலில் நடந்து நல்ல செடிகளைப் பார்த்துப் பொறுக்குவது, அவற்றின் கொட்டையை ஒன்றாய்ச் சேர்த்து அடுத்த பட்டத்தில் விதைப்பது, மறுபடி பொறுக்குவது. மணிலா தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆகையால் ஒருமுறை வாங்கிய விதையைக் குடியானவன் எடுத்துவைத்து மறுவருஷம் போடலாம், மாமன் மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். எந்தக் கம்பெனிக்கும் அதில் நிரந்தர வருமானம் இல்லை. தேசத்தின் போட்டித்திறனுக்கு எது காரணம் என்று கேட்டால் நான் காட்டக்கூடிய மிகச் சுத்தமான உதாரணம் இதுதான். விற்பனைக்கு வராத ஒரு பொறுமை. யாரையும் ஜெயிக்கும் அவசரம் அந்த வயலில் நடந்தவரின் காலில் இருந்திருக்க முடியாது.

4

இப்போது மல்லாட்டையை வென்றது எது? பாமாயில். 1994-ல் அதன் இறக்குமதியைத் தாராளமாக்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் சுங்கவரி இறங்கியது. அதற்குச் சில வருஷங்கள் முன்புதான், 1986-ல் தொடங்கிய எண்ணெய் வித்துத் திட்டத்தின் பலனாக, சமையல் எண்ணெயில் ஏறக்குறைய சொந்தக் காலில் நிற்கும் நிலைக்கு வந்திருந்தோம். இன்று தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. உலக வர்த்தக ஒப்பந்தத்தில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போடும் உரிமையை இந்தியா வைத்துக்கொண்டிருந்தது. ஆகவே நடந்தது இயற்கை விதி அல்ல. ஒரு தீர்மானம். தீர்மானத்துக்கு நியாயம் இருக்கலாம், அதற்கு வருகிறேன். ஆனால் தீர்மானத்தை விதியென்று சொல்வது ஒழுக்கக் கேடு. என் முன்குறிப்பும் அதைத்தான் செய்தது.

பாமாயிலின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. மலேயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917-ல் செலாங்கூரின் தென்னமரம் எஸ்டேட்டில் போடப்பட்டது. அந்தப் பெயர் தமிழாக ஒலிப்பதில் ஆச்சரியம் என்ன? ரப்பர்க் காடுகளுக்குக் கப்பலேறிப் போனவர்களில் தென்னார்க்காட்டுக் கூலிகளும் உண்டு. ரப்பரை வெட்டிப் பனையை நட்டபோது அதே லயங்களிலிருந்து அந்தச் சந்ததிதான் குலை வெட்டப் போயிற்று; பிறகு இந்தோனேஷியக் கூலி மலிவாகக் கிடைத்ததும் அவர்களில் பலர் லயத்தையும் இழந்தார்கள். ஆக, இங்கே மல்லாட்டை தோற்றது. அங்கே பாமாயில் வென்றது. இரண்டு கரையிலும் ஒரே சனம் வெளியே நின்றது. நாடுகளின் போட்டி என்று படத்தில் காட்டப்படும் இரு குதிரைகளின் கீழும் ஓடியது அவர்கள் கால்கள்.

பெரியவரிடம் அன்றைக்கு இதில் கொஞ்சம் சொன்னேன். ஒரு ஹெக்டேரில் பனை மூன்று நான்கு டன் எண்ணெய் தரும், மணிலாவால் ஒரு டன்கூட முடியாது என்றேன். அவர் மறுக்கவில்லை. சற்று யோசித்து, "எண்ணெய் வருது. புண்ணாக்கு வருதா சார் கப்பல்ல? கொடி வருதா?" என்றார்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது அடி. மல்லாட்டை எண்ணெய் மட்டுமல்ல. செக்கில் ஆட்டினால் புண்ணாக்கு, அது கறவை மாட்டுக்கு. ஆய்ந்து முடித்த கொடி காய்ந்த தீவனம். வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் விட்டுப் போகின்றன. அடுத்து வரும் பயிருக்கு அது மூலதனம். கொட்டை ஆயும் நாட்களில் ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அது கூலி. உலகச் சந்தை எண்ணெயை எண்ணெயோடு மட்டும் வைத்து நிறுக்கிறது, ஏனென்றால் கப்பலேறுவது எண்ணெய்தான். எல்லையைக் கடக்கக்கூடியதை மட்டும் அளக்கும் ஒரு தராசு அது. ஒரு நாட்டில் பெரும்பகுதி எல்லையைக் கடக்காதது: மண், தண்ணீர், மாடு, பள்ளிக்கூடம், பரஸ்பர நம்பிக்கை, வயலில் நடந்து விதை பொறுக்கும் பொறுமை. கடப்பது கடக்காததிலிருந்துதான் முளைக்கிறது. முளையை நிறுத்துப் பார்த்து வேரைத் தள்ளுபடி செய்கிறோம்.

5

இங்கே நான் நிறுத்திக்கொண்டால் சுகமான கட்டுரையாயிருக்கும். கிராமத்தைப் புகழ்ந்து நகரத்தில் அச்சாகும் கட்டுரைகளில் இன்னொன்று. ஆனால் உண்மை அவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

கொட்டை ஆயும் அந்தப் பெண்களின் வீட்டில் கொதிப்பது கடலையெண்ணெய் அல்ல. 2007-லிருந்து ரேஷன் கடையில் சலுகை விலையில் பாமாயில் கிடைக்கிறது. கடலையெண்ணெயைத் தீபாவளிக்கு மட்டும் பார்த்த வீட்டில் தினமும் தாளிக்கிறார்கள். அவர்களிடம் போய், இந்த எண்ணெய் உங்கள் முதலாளியின் பயிரைக் கெடுத்தது என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். சரியாகவே சிரிப்பார்கள். பெரியவரின் விலையும் அவருடைய கூலியாளின் அடுப்பும் ஒரே பக்கத்தில் இல்லை.

அதேபோல, இந்த மாவட்டத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போன பெண்கள். அங்கே நோக்கியா 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. எட்டு வருஷம் உலகத்தோடு போட்டியிட்ட விரல்கள் ஒன்பதாம் வருஷம் தகுதியிழந்தன. விரல்களில் எந்த மாற்றமும் இல்லை. எனினும், தன் பெயரில் பாஸ்புக் வைத்திருக்கும் ஒரு பெண் கவுன்டரில் நிற்கும் தோரணையே வேறு. அண்ணனைக் கேட்காமல் பணம் எடுப்பவளின் முகத்தை தினம் பார்க்கிற நான், போட்டியே பாபம் என்று எழுதமாட்டேன்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடமிருக்கும் ஊர். நான் சமணனில்லை, பிழைப்புக்காக வந்தவன். வடக்கே சமணர் என்றால் வணிகர் நினைவு வருகிறது. இங்கே அவர்கள் பெரும்பாலும் உழவர். அவர்களுடைய தர்க்க மரபில் எனக்குப் பிடித்தது, எந்த வாக்கியத்துக்கும் முன்னால் 'ஒரு விதத்தில்' என்ற பொருளில் 'ஸ்யாத்' என்று வைக்கச் சொல்வது. எதையும் சொல்லாமல் தப்பிக்கும் தந்திரம் அல்ல அது. எந்த இடத்தில் நின்று சொல்கிறாய் என்று கேட்கும் கண்டிப்பு. ஒரு விதத்தில் பாமாயில் வென்றது: ரேஷன் கடை வாசலில் நின்றால். ஒரு விதத்தில் மல்லாட்டை தோற்கவில்லை: மாட்டுக் கொட்டகையில் நின்றால். இரண்டும் உண்மை. பொய்யாவது, நிற்குமிடம் சொல்லாமல் 'போட்டித்திறன் அற்றது' என்பது.

இன்னொன்றும் அங்கே உண்டு. மிகுபொருள் விரும்பாமை என்று இல்லறத்தானுக்குச் சொன்ன விரதம். நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு என்று தனக்குத் தானே ஒரு வரம்பு போட்டுக்கொள்வது. விரதமுள்ள ஊரிலும் நகைக்கடன் உண்டு, ஆகையால் நான் இதைப் பெரிய தத்துவத் தீர்வாக நீட்டவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை அது துலக்குகிறது. எல்லாருக்கும் இரண்டு வேளை சோறு, எல்லாப் பிள்ளைக்கும் பத்து வருஷப் படிப்பு என்பவை எட்டக்கூடிய இலக்குகள். எட்டிவிட்டோமா என்று பார்க்கலாம். அடுத்தவனைவிட மலிவாக என்பதற்கு எட்டுமிடம் இல்லை, ஏனென்றால் அடுத்தவனும் அதையே விரதமாகக் கொண்டிருக்கிறான். 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம்தரும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. முதலீடு செய்ய வருகிறவர்கள் நேரத்தில் நெகிழ்ச்சி கேட்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. அந்தப் பத்து நாட்களில் நம் முன் இருந்த கேள்வி இதுவே: நாடு ஜெயிக்கவேண்டும் என்றால், நாட்டின் எந்தப் பகுதியைக் கழற்றிப் பந்தயத்தில் வைக்கலாம்? எட்டு மணி நேரத்துக்கு மேலிருக்கிற அந்த நான்கு மணி நேரத்தில்தான் ஒருத்தி பிள்ளையோடு பேசுகிறாள், தூங்குகிறாள், ஒருவேளை படிக்கிறாள். எல்லையைக் கடக்காத கணக்கு அது.

விதை பொறுக்கியவர் செய்ததும் மசோதா கேட்டதும் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன என்பதே என் மனஸ்தாபம். முன்னது நாட்டிடம் இருப்பதைப் பெருக்கியது. பின்னது இருப்பதை விலை குறைத்து வெளியே வைத்தது. இரண்டுக்கும் போட்டித்திறன் என்றே பெயர். இரண்டாவது வழியில் ஜெயிக்கும் நாடு, ஜெயித்த பின் கோப்பையை யாரிடம் கொடுக்கும்?

6

பெரியவர் வட்டி கட்டிவிட்டுப் போன பிறகு அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இறக்குமதிப் பாமாயிலின் விலையோடு, எண்ணெயாக மட்டும் ஒப்பிட்டால், தற்போதைய சுங்கவரியில், மணிலாவுக்குக் கிடைக்கும் விலை கட்டுப்படியாகவில்லை. புண்ணாக்கு, கொடி, மண்வளம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடவில்லை. வரி மாறினால் இந்த முடிவும் மாறும். ஆங்கிலத்தில் ஆறு வரிகள் வந்தன.

மேலாளர் படித்தார். கெட்டவர் அல்ல, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். "இது குறிப்பா, கட்டுரையா? மேலே இருக்கறவங்களுக்குக் காரணம் ஒரு வார்த்தையில வேணும்" என்றார். ஆறு வரியையும் அடித்து, என் பழைய அடைமொழியை அவர் கையாலேயே எழுதிச் சேர்த்தார். ஸ்பெல்லிங்கை என்னிடம்தான் கேட்டார். சொன்னேன்.

அந்தச் சொல் மேலே போய்விட்டது. பெரியவர் அடுத்த வட்டிக்கு வரும்போது எழுதியாச்சா என்று கேட்பார்.